வயித்து வலின்னு சொல்லிட்டோம், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஓவர்டைம் கிடையாது என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, குழம்பு வைத்து, எல்லாருக்கும் போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இப்போதுதான் காலை நீட்டினேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தையல் மெஷின் பெடலை மிதித்த கால். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயும் ஷூ கம்பெனியில் அதே லைனில் அதே மெஷினை மிதித்தவள்தானே.

வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்கு நம் சபையின் மாத இதழில் உன் படம் போட்டு நாலு வரி எழுதுவோம். இந்தத் தடவை நாலு வரி போதாது, இடம் கொஞ்சம் கூடக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்த்து ஊரே படிக்கும். படிக்கட்டும் அக்கா. இதில் வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒளித்து ஒளித்து எனக்கும் அலுத்துப்போய்விட்டது.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் பியூலா ஒன்பதாவது படிக்கிறாள். என்னைவிட உயரம். கோபம் வந்தால் உன்னைப் போலவே பேசாமல் தலையைப் பின்னிப் பின்னிப் பிரிக்கிறாள். பிரியாணியில் இருக்கும் புதினா இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைக்கிறாள். ஆம்பூரில் பிறந்துவிட்டு இப்படி ஒரு பெண்ணா என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். என் மகள் ஜெனி ஏழாவது. அவள் நீ பார்க்காத பிள்ளை. நீ படுத்திருந்தபோது என் வயிற்றில் இருந்தாள்.

மாமா இன்னும் கம்பெனி வேன்தான் ஓட்டுகிறார். வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, சாயந்திரம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார். மறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "பாத்துக்கலாம்" என்று சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். பக்கத்துப் போர்ஷனில் இருக்கிறார். பியூலாவுக்குச் சாப்பாடும் படுக்கையும் என்னிடம்தான். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது குறைவு. ஆனால் ஸ்கூலில் அவளை விட்டுவிட்டு, அவள் உள்ளே போகும்வரை கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டுத்தான் வேனை எடுப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் மீறிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நம் லைனில் பெண்களுக்கு ஒரே ஒரு வியாதிதான் உண்டு. வயித்து வலி. உதிரம் ஜாஸ்தியாகப் போனால் வயித்து வலி. நின்றுபோனாலும் வயித்து வலி. வெள்ளைப்பட்டால், அரித்தால், கரு கலைந்தால் எல்லாமே அதுதான். சூப்பர்வைசர் ஆம்பளை. அரை நாள் பாஸ் வேண்டுமென்றால் அவர் மேஜை முன்னால் நிற்க வேண்டும். "இன்னாம்மா?" என்பார். "வயித்து வலி சார்" என்போம். அவரும் தலையைத் தூக்காமல் எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் அது சௌகரியம். அந்த வழக்கம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாம் டாக்டரிடமும் போய் அதையே சொன்னோம்.

கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தாரே, அவரிடம் நீ எத்தனை தரம் போனாய்? ஒவ்வொரு தரமும் நான்தான் துணைக்கு வந்தேன். "எங்கம்மா வலிக்குது?" என்று அவர் கேட்பார். நீ சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டுவாய். அவர் அல்சர் என்று மாத்திரை எழுதுவார். காரத்தைக் கம்மி பண்ணச் சொல்வார். நீயும் பாவம், மிளகாயில்லாமல் சாப்பிட்டாய். உள்ளே வேறெங்கோ ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாதவிலக்கு முடிந்த பிறகும், மாமாவோடு இருந்த மறுநாளும். "ஒடம்பு சூடு சுகந்தி, வெந்தயம் ஊறவெச்சிக் குடிச்சா போயிடும்" என்று எனக்கும் சமாதானம் சொன்னாய். நான் நம்பினேன். எனக்கும் அதே சூடுதானே அக்கா, எல்லாருக்கும் அதே சூடுதானே.

வேலூருக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். மாமாவையும் என்னையும் உட்காரவைத்து அந்த டாக்டரம்மா சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள் என்று கேட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வயித்து வலி என்றுதான் நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய். "யாரு கேட்டாலும் வயித்துல கட்டின்னு சொல்லு. பியூலாவுக்கும் அதான். பொம்பளைக்கு அந்த எடத்துல நோவுன்னா, நோவப் பாக்க மாட்டாங்க, பொம்பளையத்தான் பாப்பாங்க. நாளைக்கு எம் பொண்ணக் கட்ட எவன் வருவான்? சத்தியம் பண்ணு." பண்ணினேன். நீ போன பிறகும் வருஷா வருஷம் வீட்டில் நடக்கும் நினைவு ஜெபத்தில் நான்தான் எழுந்து சாட்சி சொல்வேன். "எங்க அக்கா வயித்து நோயினால பாடுபட்டு..." என்று ஆரம்பிப்பேன். மனப்பாடமாகிவிட்டது. ஒரு வார்த்தை பிசகாது.

இந்த வருஷம் சபையின் பெண்கள் கூட்டத்துக்கு ஒரு நர்ஸம்மா வந்து பேசினார்கள். பெயர் மார்கரெட். கணீரென்று பேசுகிற ஆள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அவர்கள் ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருந்த நாலு பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று சொன்னார்கள், அக்கா. பெரும்பாலும் புருஷன் பெண்ஜாதி சேர்க்கையில் வருகிற கிருமி. அனேகமாக எல்லாருக்கும் ஒரு காலத்தில் வந்து, தானாகவே போய்விடுமாம். சிலருக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்து அப்புறம் நோயாகிறது. அதற்கு இப்போது ஒரு தடுப்பூசி வந்திருக்கிறது. கல்யாணத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே, சின்ன வயதிலேயே பெண்பிள்ளைகளுக்குப் போட்டால்தான் நல்ல பலன். மூன்று தவணை. விலையை உனக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாய்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "புதுசா வந்த ஊசின்ற. நம்ம பிள்ளைங்கள வெச்சி டெஸ்ட் பண்றாங்களோ இன்னாவோ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே பயம். நல்லா ஓடியாடுகிற பிள்ளைக்கு ஊசி போட்டு, நாமே கையால் இழுத்து வைத்துக்கொண்ட வினையாகிவிட்டால்? போடாமல் விட்டு, பின்னால் உன்னைப் போல ஒரு நாள் படுத்துக்கொண்டால்? அந்த வாரம் முழுக்க மெஷினில் உட்கார்ந்தால் ஷூவின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் முகம்தான் தெரிந்தது. கோணல் தையல் போட்டு எல்லாம் திரும்பி வந்தது.

லைனில் என் பக்கத்து மெஷின் சாந்தி. கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், நீ போன பிறகு சேர்ந்தவள். வாய் இருக்கிறதே, அது தனி மெஷின். ஓயாது. அவளிடம் யோசனை கேட்டேன், அது என் புத்தி. "ஐயோ, அந்த ஊசியாக்கா? போட்டா கொழந்தையே பொறக்காதாம். அதுவுமில்லாம கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு அந்த ஊசி இன்னாத்துக்கு? நீயே உம் பொண்ணு பேர பேஜார் பண்ணிக்காத" என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அடுத்த லைனுக்குப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயந்திரம் வேனிலும் அதே பேச்சு. யாரோ ஒருத்தி, "அந்த நோவே புருஷங்கிட்ட இருந்துதான் வர்றதாம். அங்க இங்க மேயறவன் கொண்டாந்து கொடுக்கறது" என்று விளக்கமே கொடுத்திருக்கிறாள்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தது யார்? மாமா.

அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்து வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஊசி விஷயத்தை அப்போது எடுத்தது என் கெட்ட நேரம். "மாமா, ஜெனிக்கும் பியூலாவுக்கும் ஒண்ணா போட்டுடலாம்னு பாக்கறேன்" என்றேன்.

"எம் பொண்ணுக்கு வேணாம்."

"ஏன் மாமா? அக்காவுக்கு வந்தது தெரிஞ்சுமா வேணான்றீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார் அக்கா. அந்த முகத்தை நான் உன் சாவு வீட்டில்கூடப் பார்க்கவில்லை. "சுகந்தி, நான் வெளிய தெருவுல போனவன் இல்ல. உங்க அக்காவத் தவிர எனக்கு ஒருத்தியும் தெரியாது. லாரியில போயிட்டிருந்த காலத்துல, கண்ணாலத்துக்கு முன்ன, ஒரே ஒரு தரம்... பசங்களோட சேர்ந்து... அத உங்க அக்காகிட்டயே சொல்லிட்டேன். அப்ப நான்தானா? நான்தான் அவளக் கொன்னேனா?"

இல்லை மாமா என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்று சொல்லவும் எனக்கு என்ன தெரியும்? தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ சொல்லு அக்கா, அந்த நோய் எதனால் வருகிறது என்று உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தேதான் அந்த நோயின் பெயரை ஊருக்கு மறைத்தாயா? மகளுக்காக என்று எங்களிடம் சொல்லிவிட்டு, மனசுக்குள் அவருக்காகவும் மறைத்தாயா? இதற்கு நீ பதில் சொல்லப்போவதில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அதற்கப்புறம் மாமா ஊசி என்ற வார்த்தையைக் காதில் வாங்கவே மறுத்தார். அதற்கு ஒத்துக்கொண்டால் கொலையை ஒத்துக்கொண்ட மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ. என் வீட்டுக்காரர், "அவரு பொண்ணு, அவரு இஷ்டம். நீ ஜெனிக்குப் போட்டுடு, அந்த நர்ஸம்மாகிட்ட நானே போய்க் கேட்டுட்டு வந்தேன், எனக்கு சரின்னுதான் படுது" என்று சொல்லிவிட்டார். என்னால் முடியவில்லை. ஒரே பாயில் படுக்கிற இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விடுவதா? தாயில்லாப் பிள்ளைக்குப் பந்தி வஞ்சனை பண்ணினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். போட்டால் இரண்டுக்கும், இல்லையென்றால் இல்லை. அப்படியே நாள் போனது. வீட்டில் தலைக்கு மேல் வேலை, கம்பெனியிலோ ஆர்டர் இல்லை, ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஒரு கட்டத்தில், போகட்டும் விடு, நம் கையில் என்ன இருக்கிறது என்றே விட்டுவிட்டேன். அவ்வளவு சோர்வு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பியூலா ஸ்கூலிலிருந்து வந்து, பையை வீசிவிட்டு, சுருண்டு படுத்தாள்.

"இன்னாடி?"

"வயித்து வலி சித்தி."

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ தரம் நானும் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எங்க வலிக்குது? கைய வெச்சிக் காட்டு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் கையைக் கீழே, அடிவயிற்றில் வைத்தாள். மாதவிலக்கு வலிதான். "இது எல்லாருக்கும் வர்றதுதான்டி" என்றேன். அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். எப்படிப்பட்ட அழுகை! மூச்சு முட்டிக்கொண்டு.

"பொய் சொல்லாத சித்தி. அம்மாவுக்கும் இப்டிதான ஆரம்பிச்சிது? வயித்து வலின்னுதான செத்துப்போனாங்க? எனக்கு மாசா மாசம் வருது. நான் யாருகிட்டயும் சொல்லல. எப்பிடியும் எனக்கும் கட்டி இருக்கும்னு தெரியும். அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு சொல்லல."

கேட்டாயா அக்கா? அந்தப் பிள்ளை வயசுக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொரு மாசமும், தான் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்துக்கொண்டு, ஜெனிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். நான் காப்பாற்றினேன். காப்பாற்றி என்ன கிழித்தேன்? உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. உன்னைக் கல்லறைக்கு வந்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கோபம் என் மேலும்தான்.

அப்போதே சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி இல்லை. கர்ப்பப்பை வாய் என்று ஓர் இடம், அங்கே புற்றுநோய். மாத வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கிருமியால் வருவது. அதற்கு ஒரு ஊசி வந்திருக்கிறது. ஏன் மறைத்தோம் என்பதையும் சொன்னேன், மாமா என்னிடம் சொன்ன அந்த லாரிக் கதையைத் தவிர. அது நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னால் சொல்லட்டும் என்று அப்போது விட்டுவிட்டேன். பின்னால் அவரே அவளிடம் சொல்லிவிட்டார்.

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னலைப் பிரித்தாள், பின்னினாள். அப்புறம் எழுந்து நேரே பக்கத்துப் போர்ஷனுக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"அப்பா, எனக்கு அந்த ஊசி வேணும்."

உள்ளே வேன் சாவி தரையில் விழும் சத்தம் கேட்டது.

"அப்பா, நீ இன்னாத்துக்கு அழுவுற? அம்மாவுக்கு யாரும் சொல்லல, எனக்கு சித்தி சொல்லிட்டாங்க. நீ எங்கூட வா. எனக்குத் தனியா போக பயமா இருக்குது."

திங்கட்கிழமை மாமா வேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு வந்தார். வேலூரில் உன்னைப் பார்த்த அதே டாக்டரம்மா முன்னால் நான், மாமா, என் வீட்டுக்காரர், இரண்டு பெண்கள். நாற்காலி போதவில்லை. என் வீட்டுக்காரர் தன் சந்தேகத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். குழந்தை பிறக்காமல் போகுமா? அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வேறென்ன ஆகும்? கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலர் மயங்குவார்கள், அதனால் போட்டதும் கொஞ்ச நேரம் உட்காரவைப்போம். இது போட்டால் நோயே வராதா? அப்படிச் சொல்ல முடியாது, பெரும்பங்கு தடுக்கும், பெரியவளானதும் பரிசோதனையும் பண்ணிக்கொள்ள வேண்டும். கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல் பேசினார்கள். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

பெண்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரம்மா, என் சம்சாரத்துக்கு அது என்கிட்ட இருந்துதான் வந்துச்சா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "அதை யாராலும் சொல்ல முடியாதுங்க. இது ரொம்பச் சாதாரணமான கிருமி. யார்கிட்ட இருந்து, எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. இது ஒழுக்கத்துக்குக் கிடைக்கிற தண்டனை இல்ல. சீக்கிரம் கண்டுபிடிச்சிருந்தா அவங்களைக் காப்பாத்தியிருக்கலாம். உங்க சம்சாரம் விஷயத்துல வருத்தப்படணும்னா அதுக்கு வருத்தப்படுங்க."

மாமா தலையை ஆட்டினார். ஆறுதல் ஆகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஆறாது. ஆனால் வெளியே வந்து, பியூலாவின் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். ஜெனி, ஊசி உறையைப் பிரிக்கும்போதே மயங்கி என் வீட்டுக்காரர் மேல் சாய்ந்தாள். அவருக்கு வியர்த்ததைப் பார்த்து, யாருக்குப் போடுவது என்று நர்ஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம் அக்கா. மாமாவும். நீயும் இருந்திருந்தால் இன்னும் ஜாஸ்தி சிரித்திருப்பாய்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்கு எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கா?" எனக்கு ஊசி வேண்டாம், வலி ஒன்றும் இல்லை, வேலைக்கு நேரமாகிறது என்று என்னென்னமோ உளறினேன். விடவில்லை. பியூலா என் கைப்பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "போ சித்தி" என்றாள். போனேன். நல்லபடியாகத்தான் வந்தது. பயந்த அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. உனக்கு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று சாயந்திரம் உன் நினைவு ஜெபம். வழக்கம்போல் ஜமக்காளம் விரித்து, உன் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டோம். லைன் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மாமா வேனிலேயே கூட்டிவந்தார். பாட்டு முடிந்தது, போதகர் ஐயா ஜெபித்து முடித்தார். நான் சாட்சி சொல்ல எழுந்தேன். என்ன சொல்வது என்று வாரம் முழுக்க யோசித்தும் தெரியவில்லை. உனக்குச் செய்த சத்தியத்தை வீட்டுக்குள்ளே மீறிவிட்டேன், ஊருக்கு முன்னாலும் மீறுவதா? "எங்க அக்கா..." என்று ஆரம்பித்தேன். நாக்கு பழக்கத்தில் அந்தப் பழைய வார்த்தைக்கே போனது. நிறுத்திவிட்டேன்.

கதவோரம் உட்கார்ந்திருந்த மாமா எழுந்தார். "நீ உக்காரு சுகந்தி" என்றார். சபையில் வாயே திறக்காத மனுஷன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேச வராது. என் எஸ்தரு வயித்துக் கட்டியில போகல. கர்ப்பப்பை வாயில புத்துநோய் வந்து போனா. வெக்கப்பட்டு மறைச்சோம். அவகிட்ட ஒரு குத்தமும் இல்ல. எங்கிட்ட இருந்து வந்துச்சான்னு கேட்டேன். யாருக்கும் தெரியாதுன்னுட்டாங்க. நானும் அதோடதான் இருக்கணும். டாக்டருகிட்ட போயி வயித்து வலின்னு சொன்னோம், அதுல காலம் போயிடுச்சி. எம் பொண்ணுக்கு ஊசி போட்டுட்டேன். வேன்ல இதப்பத்திப் பேசறவங்க இனிமே எங்கிட்டயே கேக்கலாம். நான் சொல்றேன்." உட்கார்ந்துவிட்டார்.

போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பியூலா எழுந்து போய் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், தோளோடு தோள் ஒட்டி.

டீ கொடுத்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். சாந்தி காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். கீழே வைக்காமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

"சுகந்திக்கா."

"இன்னா சாந்தி?"

"எனக்கு ரொம்ப நாளா வயித்து வலி."

அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். "வயித்துலயா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய் ஓயாத அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதாள்.

அக்கா, உன் பேச்சை மீறியதற்கு நீ என்னைத் திட்டிக்கொள். நான் வந்து சேரும்போது பொறுமையாக உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கிற இரண்டு தவணையையும் தப்பாமல் போட்டுவிடுவேன். நாளைக்குக் காலையில் நானும் சாந்தியும் வேலூருக்குப் போக அரை நாள் பாஸ் கேட்டு நிற்கப்போகிறோம். சூப்பர்வைசர் தலையைத் தூக்காமல் "இன்னாம்மா?" என்பார். சாந்திக்கு வாய் வராவிட்டால் அவளுக்கும் சேர்த்து நான் சொல்வேன். எந்த இடம், என்ன கோளாறு என்று, பக்கத்து லைனுக்குக் கேட்கிற மாதிரி. வயித்து வலி என்று மட்டும் இனி எங்கேயும் சொல்ல மாட்டேன். உனக்கு நான் பண்ணும் புதுச் சத்தியம் இதுதான்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள், உன் பியூலாவுக்குச் சித்தி,
சுகந்தி